நந்தவனத்துச் சிவப்பு அம்பு

என் பூசைப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் விபூதி மடலுக்கும் கற்பூரச் சிமிழுக்கும் மேலே நின்று அது என்னைச் சுட்டுகிறது. வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதை ஏதோ மந்திரச் சின்னம் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது பனியன் கம்பெனிச் சரக்குங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

எங்கள் வீரபாண்டிப் பக்கம் எந்தப் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையிலும் அந்த அம்புகளைத் தாள் தாளாகக் காணலாம். தைத்து முடித்த துணி மேசைக்கு வரும். அதில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், செக்கிங் செய்பவர் அவ்விடத்தைச் சுட்டி ஓர் அம்பை ஒட்டுவார். வேறு எதுவும் எழுதுவதில்லை, யாரையும் ஏசுவதும் இல்லை. துணி திரும்பத் தையல்காரரிடம் போய்ச் சரியாகி வந்ததும், பிழையைப் பார்த்தவரே அம்பை உரித்தெடுப்பார்.

நான் சொல்லவந்தது அந்த மேசையில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி. ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்திலிருந்து மறு சித்திரை வரை, ஞாயிறுதோறும் அவளைக் கண்டேன். அதற்குமுன் அவளை அறியேன். அதன்பின் கண்டதும் இல்லை.

எங்கள் முருகன் கோயிலுக்குப் பின்னே இருபது சென்ட் நிலம் உண்டு. பெயர் நந்தவனம். அப்போது அதில் ஒரு வில்வ மரமும் இரண்டு அரளிச் செடிகளுமே எஞ்சியிருந்தன. மற்றதெல்லாம் கருவேலமும் காகிதக் கப்புகளும்தான். அதைப் பராமரிக்கும் பொறுப்பு கமிட்டிப் புத்தகத்தில் என் பெயரில் இருந்தது. விடியலில் சந்நிதி முன் நின்று, மலர் பறித்து மாலை தொடுத்து அணிவிக்கும் பேற்றை உருகி உருகிப் பாடுபவன் நான். சுவாமிக்குச் சாத்திய மலரோ பூ மார்க்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்து பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு ஞாயிறு காலை அவள் ஒன்பது பிள்ளைகளோடு மதில் ஓரம் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். மெலிந்த உருவம்; கழுத்துக் கயிற்றில் ஒரு சிறிய சிலுவை.

"ஐயா, ஞாயித்துக்கிழமைல பிள்ளையளக் கூட்டிட்டு வந்து இந்த எடத்துல கொஞ்சம் மண்ணக் கிண்டலாமா?"

"ஆரு பிள்ளைங்கம்மணி?"

"கம்பெனிப் பிள்ளையதான். ஞாயித்துக்கிழமையும் அம்மாக்களுக்கு டூட்டி. ரூமுக்குள்ள போனையே பாத்துக்கிட்டுக் கெடக்குதுவ."

"நீங்க வெவசாயக் காலேஜ் படிச்சவிங்களா?"

"இல்லய்யா, செக்கிங். ஊர்ல இருக்கையில வாழத் தோட்டத்துல வேல பாத்திருக்கேன்."

"இங்க போர்த் தண்ணி உப்புங்கம்மணி. ஒண்ணும் வராது."

"வரலன்னா ஏன் வரலன்னு பாத்துக்கிடுவோம் ஐயா."

வரும் என்று அவள் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். தண்ணீருக்குக் கோயில் தொட்டியில் நிரப்பும் லாரித் தண்ணீரைத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

முதல் மாதம் முழுதும் அவர்கள் முள் வெட்டினார்கள், கல் பொறுக்கினார்கள், தட்டைப்பயறு ஊன்றினார்கள். பிள்ளைக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை. அடுத்த ஞாயிறு எட்டுக் குழிகளில் முளை தெரிந்தது. ஒன்பதாவது குழி பிபின் என்ற பையனுடையது. பத்து வயது, பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்து பிரின்டிங் பட்டறையில் வேலை செய்தவர்கள். அக்கா என்பதை அவன் தன் மொழியில் 'தீதி' என்பான். அவன் தன் குழிமேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தான்.

அவள் பையிலிருந்து அம்புத் தாளை எடுத்து, ஒன்றை உரித்து, ஈர்க்குச்சியின் நுனியில் ஒட்டி அவனிடம் நீட்டினாள்.

"நீயே குத்து மக்கா."

"எல்லாரும் பாப்பாங்க, தீதி."

"பாக்கத்தான் அம்பு. அது ஒன்னையக் காட்டல. வெதையக் காட்டுது."

அவன் குத்தினான். பிறகு எல்லாரும் சுற்றி உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்கினார்கள். ஒரு சாண் ஆழத்தில் விதை முளைவிட்டு, மேலே வர வலுவின்றி மடங்கி அழுகியிருந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவன் அவ்வளவு ஆழத்தில் புதைத்திருக்கிறான். வெள்ளை நூல்போல் நெளிந்து கிடந்த அம்முளையைப் பிள்ளைகள் உள்ளங்கை மாற்றி உள்ளங்கை வாங்கிப் பார்த்தார்கள். சந்நிதியில் தீபத்தை ஒற்றிக்கொள்பவரிடம்கூட அந்த அடக்கத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அன்றுமுதல் நந்தவனத்தில் அம்புகள் பெருகின. முளைக்காத விதை, பூச்சி தின்ற இலை, வாடிய தளிர் என ஒவ்வொன்றின் எதிரிலும் ஈர்க்குச்சியும் அம்பும் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சிறு சிவப்புப் பூக்களைப் பயிரிட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும்.

செழித்து வந்த செடியை அவள் புகழ்ந்து நான் கேட்டதில்லை. "பாப்போம்" என்பாள், அவ்வளவுதான். எதையும் முதலில் விரலால் பார்ப்பது அவள் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு மண்ணை நிமிண்டி, ஈரம் இத்தனை விரற்கடையில் இருக்கிறது என்பாள். தோண்டினால் அப்படியே இருக்கும். "ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் தடவுன கை ஐயா, வேறொண்ணுமில்ல" என்று சிரிப்பாள். ஒருமுறை, "உள்ள வந்து கும்பிட்டுட்டுப் போலாமேம்மணி" என்று அழைத்தேன். "இருக்கட்டும் ஐயா. பிள்ளைய போய்ட்டு வரட்டும், நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் விலகி நின்றதில் வெறுப்பும் இல்லை, அச்சமும் இல்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவளுடைய பிழையையும் சொல்ல வேண்டும். ஆடியில் ஒரு குழி வெட்டி, கம்பெனிகளில் கழியும் துண்டுத் துணிகளைச் சாணத்தோடு கலந்து மூடினார்கள். கட்டிங் வேஸ்ட் என்பார்களே, அது. "பருத்தியில பொறந்தது, மண்ணுல மக்கிப் போவும்" என்றாள். பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். ஐப்பசித் தொடக்கத்தில் குழியைத் திறந்தபோது வெள்ளைத் துண்டுகள் கரைந்து கரிய மண்ணாகியிருந்தன. ஆனால் நீலமும் ஆரஞ்சும் நேற்றுச் சாயம் போட்டவைபோல் பளபளத்தன. நடுநடுவே புழுக்கள்போல் எலாஸ்டிக் இழைகள் துள்ளின.

"அக்கா, இதத் தொவச்சாப் போட்டுக்கலாமாட்ட இருக்குதுங்!" என்றாள் சங்கவி. பன்னிரண்டு வயது, தாய் வழியில் எனக்குத் தூரத்து உறவு, வாய்த்துடுக்கு அதிகம். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். பிறகு ஓர் அம்பை உரித்துத் தன் முன்கையில் ஒட்டிக்கொண்டாள்.

"எல்லாம் பருத்தின்னு சொன்னது நாந்தானே. பன்னெண்டு வருசம் துணி தடவுன கைக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

அந்த அம்போடுதான் மறுநாள் வேலைக்குப் போனாள். மேசைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்களாம். எல்லாருக்கும் காரணம் சொன்னாளாம். இரண்டு ஞாயிறுகள் பிள்ளைகள் ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை உருவித் தீயில் காட்டினார்கள். சாம்பலானது பருத்தி, உருகி முத்தானது பாலியஸ்டர். குழி முழுதும் பிரித்து முடித்த அன்று அவள் கையை நீட்ட, சங்கவி வெகு கண்டிப்போடு குழியை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு அம்பை உரித்தாள்.

நான் வில்வ நிழலில் நின்று அதைப் பார்த்தேன். அறுபத்தெட்டு ஆண்டு வாழ்வில், பிறர் அறியத் தன் பிழையைத் தன் உடம்பில் அணிந்த ஒருவரை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். சிறியேன், பிழையேன் என்று நாளெல்லாம் பாடுகிறோம். பாட்டில் சொல்வது எளிது. ராகம் அதை இனிமையாக்கிவிடுகிறது.

இதற்கிடையே கமிட்டியில் ஒரு பேச்சு எழுந்தது. தலைவர் என் தங்கை மகன். எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துபவர். கோயிலில் முகூர்த்தங்கள் கூடிவிட்டன, வண்டி நிறுத்த இடமில்லை, நந்தவனத்தைக் கல் பாவிவிடலாம் என்பது பலர் விருப்பம். வேற்றுச் சமயப் பெண்ணுக்குக் கோயில் நிலத்தில் என்ன வேலை என்று இருவர் முணுமுணுத்தார்கள். தலைவர் அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் என்னிடம் சொன்னார்:

"மாமா, நந்தவனம்னாப் பூ வரோணும். தைப்பூசத்துக்குச் சாமிக்கு மாலை அங்கிருந்து வரட்டும். வந்துச்சுன்னா அந்தப் பசங்களே வச்சுக்கட்டும். வரலீன்னா கல்லு போட்டரலாம். நான் சொல்றது ஞாயந்தானுங்களே?"

நியாயம்தான். அவளிடம் சொன்னேன். அவள் மூன்று பெரிய பாத்திகளிலும் ஒரு மூலைப் பாத்தியிலும் செண்டுமல்லி விதைத்தாள். பிள்ளைகளின் முகங்கள் மாறின. அதுவரை விளையாட்டாக வந்தவர்கள் இப்போது எனக்கு முன்பே மதிலோரம் நின்றார்கள். "அப்புச்சி, நம்ம எடம் போயிருமாங்?" என்று சங்கவி வாரந்தோறும் கேட்டாள். "முருகன் பாத்துக்குவான் கண்ணு" என்றேன்.

வாரத்தில் ஆறு நாள் நீர் ஊற்றுவது என் பங்கு. "தண்ணி மட்டும் போதும் ஐயா, காலையில ஒரு தடவ" என்று சொல்லியிருந்தாள்.

மார்கழி பிறந்தது. நாள்தோறும் விடியலில் சுவாமிக்குப் பாலும் தயிரும் தேனும் பஞ்சாமிர்தமும் விபூதியும் அபிஷேகமாகிக் கோமுகி வழியே வடிந்துகொண்டிருந்தன. இறைவன் திருமேனி தீண்டிய நீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சுவாமிக்கு மாலையாகப் போகும் செடிக்குச் சுவாமியின் தீர்த்தத்தைவிட எந்த நீர் ஏற்றது? வாளியில் ஏந்தி, பாடிக்கொண்டே, மூன்று பாத்திகளுக்கும் வார்த்தேன். மூலைப் பாத்திக்கு வருவதற்குள் வாளி தீர்ந்துவிடும். அதற்கு மட்டும் தொட்டித் தண்ணீர். பாவம், அச்செடிகளுக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்து நாளில் மூன்று பாத்திகளும் சாய்ந்தன. தண்டின் அடி கறுத்து இளகி, தொட்டால் கையோடு வந்தது. மண்ணில் வெண்பூசணம், எறும்புச் சாரை. அன்று சனிக்கிழமை. விடிந்தால் பிள்ளைகள் வருவார்கள்.

அன்று நான் செய்ததைக் குறைக்காமல் எழுதிவிடுகிறேன். செத்த செடிகளைப் பிடுங்கி உரக்குழியின் அடியில் மறைத்தேன். பல்லடம் சாலையில் ஒரு நர்சரிக்கு ஆட்டோவில் போய், கறுப்புப் பைகளில் மொட்டுவிட்டிருந்த நாற்பது செண்டுமல்லிச் செடிகளை வாங்கி வந்து மாலைக்குள் நட்டேன். பிள்ளைகள் மனம் வாடக் கூடாது; இடம் போய்விடக் கூடாது. இவை இரண்டும் உண்மைதான். மூன்றாவது ஒன்றும் இருந்தது, அதுவே பெரியது. சுவாமியின் தீர்த்தம் செடியைக் கொன்றது என்று எந்த வாயும் சொல்லிவிடக் கூடாது. முருகனைக் காப்பாற்ற நர்சரிக்குப் போனேன்.

"அக்கா! மொட்டு விட்டிருச்சுங்! அக்கா, ஓடியாங்க!" என்று காலையில் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள்.

அவள் மெல்ல வந்தாள். மண்டியிட்டாள். ஒரு தண்டைத் தடவினாள். இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். அந்த ஓசை எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பிள்ளையளா, கண்ண மூடித் தொட்டுப் பாருங்க."

சங்கவிதான் முதலில் சொன்னாள். "இது நம்ம மண்ணில்லீங்க்கா. நாரு நாரா இருக்குதுங்."

"நர்சரி மண்ணு, தீதி" என்றான் பிபின். "எங்க ரூம் ஓனர் ஊட்டுல ரோஜாத் தொட்டில இதான் இருக்கு."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"யாரு வச்சதுன்னு நமக்கு வேண்டாம். நம்ம செடி எங்க போச்சு, ஏன் போச்சு, அதப் பாப்போம்." அம்புத் தாளை நடுவில் வைத்தாள்.

நாற்பது செடிகளின் எதிரிலும் அம்புகள் நின்றன. மொட்டவிழும் செடிகள் முன்னே சிவப்பு அம்புகள் வரிசை வரிசையாக நிற்கும் காட்சியை இப்போதும் கண்மூடினால் காண்கிறேன். உரக்குழியைக் கிளறி அவர்கள் தங்கள் செடிகளை எடுத்தார்கள். சங்கவி ஒரு வேரை முகர்ந்து முகம் சுளித்தாள்.

"புளிச்ச பாலு நாத்தமுங்க்கா."

அப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் மூன்று தொட்டிகளை எடுத்தாள். மூலைப் பாத்தியிலிருந்து மூன்று நாற்றுகளை ஒரே மண்ணில் நட்டாள். முதலாவதற்குப் போர்த் தண்ணீர், இரண்டாவதற்கு லாரித் தண்ணீர் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"மூணாவதுக்கு அபிஷேகத் தண்ணி ஐயா. அத நீங்க ஊத்துனாத்தான் சரியா இருக்கும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் முன் என்னைச் சுட்டாமல், நானே கண்டுகொள்ள ஒரு தொட்டியை என் கையில் கொடுத்தாள்.

அந்த நாட்களில் நான் தொழுததுபோல் என்றும் தொழுததில்லை. ஒரு செண்டுமல்லி நாற்றுக்காகத் தொழுதேன். இந்த ஒன்று பிழைத்தால் போதும், ஐயனே என்று ஒவ்வொரு காலையும் வார்த்தேன். இரண்டாம் தொட்டி நிமிர்ந்து நின்றது. முதலாவது இலை நுனி கருகினாலும் உயிரோடு இருந்தது. ஒன்பதாம் நாள் மூன்றாவது சாய்ந்தது. நான் தொட்டியருகே உட்கார்ந்தேன். விந்தை என்னவென்றால், எனக்குத் துயரம் வரவில்லை. இவ்வளவு மன்றாடியும் தன் நியமத்தில் அணுவும் வழுவாத ஒன்று அந்த மண்ணுக்குள் இருந்தது. அதன் முன்னே உடல் சிலிர்த்தது. இத்தனை காலம் நான் யாரைப் பாடினேனோ, அவன் அந்தத் தொட்டியில் என் கையூட்டை ஏற்க மறுத்து அமர்ந்திருந்தான்.

ஆனாலும் மனிதன் உடனே திருந்திவிடுவதில்லை. பொங்கல் கழிந்து தலைவர் பார்வையிட வரும் ஞாயிறன்று, அவளைத் தனியே அழைத்துக் கெஞ்சினேன்.

"அம்மணி, மாப்பிள்ள வந்துட்டுப் போற வரைக்கும் அந்த அம்பையெல்லாம் எடுத்து வெச்சறலாமுங்க. அப்புறம் ஒட்டிக்கலாம். எடம் பசங்களுக்கு நெலைக்குமில்ல?"

"எடம் நெலைக்கும் ஐயா." பாத்திகளைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துட்டு இந்த எடத்துல நான் இதுகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். பூத்துக் குலுங்கிய பாத்திகளைப் பார்த்து முகம் மலர்ந்தவர், அம்புகளைக் கண்டு நின்றார். அவருக்கு அவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என்னம்மணி இது? நாப்பது பீஸும் டேமேஜா?"

"கடையில வாங்கின செடிங்க ஐயா. பிள்ளைய வச்சது செத்துப் போச்சு."

"ஆரு வாங்கி வெச்சது?"

"நான் கேக்கலய்யா."

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். சங்கவி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடம் போய்விட்டது என்று அவள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. அந்தக் கோயிலில் என் குரலைக் கேட்டுத்தான் விடிகிறது என்பார்கள். அந்தக் குரலைத் தேடி எடுக்க நேரமாயிற்று.

"நான்தான் மாப்ளே. செடியக் கொன்னதும் நான்தான். அபிஷேகத் தீர்த்தத்த ஊத்தினேன். செத்துப் போச்சு. மறைச்சுட்டேன்."

பிபின் எழுந்தான். பரிகாசம் சிறிதும் இல்லாத முகத்தோடு, தாளிலிருந்து ஓர் அம்பை உரித்து, எட்டி, என் துண்டின் மேல் தோளில் ஒட்டினான்.

"ஏலேய்!" என்று யாரோ பதறினார்கள். தலைவர் திகைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "மாமா, பாஸாகலீங்களா நீங்க!" எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. அம்பை எடுக்கக் கையை உயர்த்தினேன்.

"இப்ப எடுக்காதீங்க ஐயா" என்றாள் அவள். "அம்பு ஒட்டுனது தூரப் போடுததுக்கு இல்ல, ஆல்ட்ரேஷனுக்கு. சரியாயி வந்தப்புறம் நாங்க பாத்து எடுப்போம்."

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறைச்சிருந்தா எடம் உங்களுது. தெரியுந்தானுங்களே?"

"தெரியும் ஐயா. மறைச்சா செடி ஏன் செத்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

சங்கவி மூன்று தொட்டிகளையும் தூக்கிவந்து அவர் முன் வைத்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினாள். பால் ஏன் புளிக்கிறது, தேனுக்கு எறும்பு ஏன் வருகிறது, விபூதி மண்ணை என்ன செய்கிறது என்று அவள் தன் வயதுக்குத் தெரிந்தவரை சொன்னாள். "முதல்ல வர்றது உரக்குழிக்கு விட்டரலாமுங். கடைசில சாமிக்கு வெறுந்தண்ணி ஊத்துவாங்கல்ல, அது செடிக்கு நல்லதுங்" என்று முடித்தாள்.

"உன்னோட செடி எத்தனை இருக்குது கண்ணு?"

மூலைப் பாத்தியைக் காட்டினாள். பதினொன்று.

"இத்தனை பூவு சாமிக்கு முழங்கைக்குக்கூடக் காணாதே."

"வேலுக்குக் காணுங்" என்றாள் அவள், சற்றும் தயங்காமல்.

தலைவர் என்னிடம் திரும்பிச் சொன்னார்: "என்ற கம்பெனில செக்கிங் மேசைல அம்பே இல்லீன்னா எனக்குத் தூக்கம் வராது மாமா. ஒருக்கா அப்படித்தான் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்துச்சு." அம்புகள் நின்ற பாத்திகளை இன்னொரு முறை பார்த்தார். "கல்லு இப்ப வேண்டாம். அடுத்த பூசத்துக்கும் பாப்போம்." அந்தப் 'பாப்போம்' அவளுடையது. அவர் அறியாமலே அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

கடைச் செடிகளை என்ன செய்வது என்று கேட்டேன். அவள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாள். பெயின்ட் வாளிகளில் அவை அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் வாசலுக்குப் போயின.

தைப்பூசத்தன்று சுவாமி பூ மார்க்கெட் மாலையில்தான் எழுந்தருளினார். ஆனால் அவர் கை வேலில் ஒரு சிறு செண்டுமல்லிச் சரம் இருந்தது. பிபின் தொடுத்தது, முடிச்சு கோணல். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தியபோது கூட்டம் திருமுகத்தைப் பார்த்தது. நான் வேலில் இருந்த சரத்தைப் பார்த்தேன். பாடத் தொடங்கி, முதல் அடியிலேயே குரல் உடைந்து நின்றேன். மலர் என்ற சொல்லை நான் அதுவரை பொருள் அறியாமலே பாடியிருக்கிறேன்.

வெளியே வந்தபோது அவள் மதிலோரம் செருப்புகளின் நடுவே நின்றிருந்தாள்.

"வேலுக்குக் கண்டுச்சா ஐயா?"

"கண்டுச்சும்மணி."

"பாப்போம், அடுத்த வருசம்" என்றாள்.

சித்திரையில் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. தாய்க்கு முடியவில்லை என்றார்கள், திருமணம் என்றார்கள், உறுதியாக அறிந்தவர் இல்லை. போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தாளாம். நான் அன்று வெள்ளகோவிலில் ஒரு காது குத்துக்குப் போயிருந்தேன். மீதமிருந்த அம்புத் தாள்களைச் சங்கவியிடம் கொடுத்துச் சென்றிருக்கிறாள்.

சங்கவி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஞாயிறுகளில் அவளும் பிபினும் புதிய பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். கல் இன்னும் பாவவில்லை. சுவாமியின் கடைசி நீர் ஒரு குழாய் வழியே பாத்திகளுக்குப் போகிறது. இவ்வாண்டுப் பூசத்துக்கு நந்தவனத்து மாலை சுவாமியின் முழங்கால் வரை வந்தது.

அன்று என் தோளில் ஒட்டிய அம்பைத் துண்டு துவைக்கப் போடும்போது நனையாமல் எடுத்து, பூசைப் பெட்டியின் மூடியில் ஒட்டினேன். பசை காய்ந்துவிட்டது, இருமுறை கோந்து தடவியிருக்கிறேன். பிபின் ஒருநாள் அதைப் பார்த்து, "எடுத்துரட்டுமா தாத்தா? சரியாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அவள் வந்து, கண்ணை மூடி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.